பவர் எழுதுவதற்கு முன் ஒரு சரித்திரப் பாடம்

நோணாங்குப்பத்திலிருந்து உங்கள் சரித்திர வாத்தியார் எழுதுகிறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வகுப்பில் மணி அடித்தால் எழுந்து ஓடுவீர்களே, அதுபோல பாதியில் ஓடிவிடாதீர்கள். கடைசியில் உங்கள் வீட்டுக்கும் உதவுகிற விஷயம் இருக்கிறது.

போன மாதம் என் பெரிய அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு பத்திர எழுத்தரிடம் போனேன். அக்காவுக்கு 82 வயது. அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர், காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. சுண்ணாம்பாறு படகுத்துறைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள். அந்தப் பக்கம் அக்காவுக்கு ஒரு ஓட்டு வீடும், அதன் பின்னால் சின்னத் தென்னந்தோப்பும் உண்டு. மகள் பாரீஸ் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். மகன் இங்கேயே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்கிறான்.

ஒரு வருடமாக அக்காவுக்கு மறதி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். பேரனை மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வீட்டு வரி இரண்டு முறை கட்டப்பட்டது, கரண்ட் பில் கட்டாமலே போனது. அதனால் மகன் பெயருக்கு ஒரு பவர் எழுதி வைத்துவிடலாம் என்று பேசி முடித்தோம். நல்ல யோசனைதான்.

பத்திர எழுத்தர் சுறுசுறுப்பானவர். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த ஒன்றை எடுத்து, பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றி, நாலு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தார். "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான் சார். ஜெனரல் பவர். எதுக்கும் திரும்பத் திரும்ப வர வேணாம்" என்றார். பழக்கதோஷம், நான் விடைத்தாள் திருத்துவதுபோல வரி வரியாகப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: மேற்படி சொத்தை விற்கவும், அடமானம் வைக்கவும், தானம் கொடுக்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம்.

அக்கா ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "தம்பி பாத்துட்டான்ல, போதும்" என்று சொல்லிக் கட்டைவிரலை நீட்டினாள். கை நடுங்குவதால் இப்போதெல்லாம் ரேகைதான் வைக்கிறாள்.

அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. "இன்னொரு நாள் வர்றோம்" என்று சொல்லி அவளை அழைத்து வந்துவிட்டேன். அக்கா மகனுக்குக் கோபம். "நாளைக்கு அம்மாவுக்கு இன்னும் மோசமாச்சுன்னா என்ன மாமா பண்றது? இதுக்குப் போய் வக்கீலுக்கு எதுக்குக் காசு?" என்றான். மகளோ போனில், "வக்கீல் இல்லாம எதுவும் பண்ணாதீங்க மாமா. இங்கல்லாம் நொத்தேர் இல்லாம ஒரு சொத்தும் கை மாறாது" என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று ராத்திரி முழுக்க யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 300 வருடம் பின்னால் போவோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் தரகராக இருந்தவர் நயினியப்பப் பிள்ளை. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இவர் மாமன் முறை. 1716இல் கவர்னர் எபேர் இவரைக் கைது செய்தார். கலகம் தூண்டினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பவை குற்றச்சாட்டுகள். கடைத்தெருவில் சவுக்கடி, சொத்துப் பறிமுதல், சிறை என்று தண்டனை. 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

அந்த விசாரணை நடந்த விதத்தைக் கவனியுங்கள். சாட்சிகள் தமிழில் பேசினார்கள். அதைப் போர்ச்சுகீசியத்துக்கு மாற்றி, அதிலிருந்து பிரெஞ்சில் எழுதினார்கள். எழுதியதன் கீழே சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். தாங்கள் சொன்னது ஒன்று, தாளில் இருப்பது வேறு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? புரியாமல் கையெழுத்து வாங்கினார்கள் என்ற புகார் பின்னால் எழுந்தது. மூத்த மகன் குருவப்பன் கப்பலேறிப் பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். தீர்ப்பு ரத்தானது. அவருக்கு அங்கே செவாலியே பட்டமும் கிடைத்தது. திரும்பி வந்து அப்பா பார்த்த பதவியிலேயே உட்கார்ந்தார். ஆனால் அப்பா திரும்பி வரவில்லை.

படித்துக் காட்டாத தாளில் விழுந்த கையெழுத்து ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கிற பழைய உதாரணம் இது.

இனி நூறு வருடம் முன்னால் வருவோம். பிரான்சில் நெப்போலியன் காலத்தில், 1804இல் சிவில் சட்டத் தொகுப்பு வந்தது. 1819இல் அது புதுச்சேரியிலும் அமலுக்கு வந்தது. கல்யாணம், வாரிசுரிமை போன்றவற்றில் நம் மக்களின் வழக்கங்களுக்கு இடம் விட்டுத்தான் கொண்டுவந்தார்கள். 1881இல் சொந்த வழக்கத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்தை முழுவதும் ஏற்றுக்கொள்ள ஒரு ஆணை வழி செய்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களைத்தான் ரெனோன்சான் என்றார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வரக்கூடாது என்றதை எதிர்த்து வழக்காடி ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளையைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவர் அந்த வரிசையில் முன்னால் நின்றவர். லாபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்.

அந்த 1804 சட்டத்தில் நம் விஷயத்துக்கு வேண்டிய பகுதி ஒன்று உண்டு. ஒருவர் இன்னொருவருக்குத் தன் சார்பில் காரியம் செய்ய அதிகாரம் கொடுப்பதைப் புரோகுராசியோன் என்பார்கள். நம் பவர்தான் அது. பொதுவாக எல்லா அதிகாரமும் கொடுத்தேன் என்று எழுதினால், அந்தச் சட்டப்படி அது நிர்வாகம் பண்ணுவதற்கு மட்டும்தான் செல்லும். வாடகை வாங்கலாம், வரி கட்டலாம், குத்தகை பார்க்கலாம். விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமானால், அதைத் தனியாக, வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். எழுதாத அதிகாரம் கிடையாது.

இதோடு நொத்தேரையும் சேர்த்துப் பாருங்கள். நொத்தேர் என்பவர் முத்திரை குத்துகிற ஆள் மட்டும் இல்லை. 1803ஆம் வருடத்துப் பிரெஞ்சுச் சட்டப்படி அவர் பத்திரத்தைச் சம்பந்தப்பட்டவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டினேன் என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். அசலைத் தானே வைத்துக்கொண்டு நகலைத்தான் கொடுப்பார். இவர் ஒரு பக்கத்துக்காக வாதாடுகிற வக்கீலும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர்.

இது எங்கள் வீட்டில் எப்படி வேலை செய்தது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் சைகோனுக்குப் போனார்கள். அலுவலகம், சுங்கம், போலீஸ், பட்டாளம் என்று ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். போகிறவர்களின் நிலமும் வீடும் இங்கே இருக்கும். அண்ணனோ மைத்துனனோ பார்த்துக்கொள்வார். அதற்குப் புரோகுராசியோன் வேண்டும். எங்கள் தாத்தாவின் தம்பி அப்படித்தான் சைகோனில் குமாஸ்தாவாக இருந்தார். தன் பங்கு நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தாத்தாவுக்கு அங்கிருந்து முத்திரையோடு ஒரு காகிதம் அனுப்பியிருந்தார். முழுக்கப் பிரெஞ்சு. தாத்தாவுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது.

1930களில் ஒரு வருடம். அத்தைக்குக் கல்யாணம், கையில் பணமில்லை. தம்பியின் பங்கில் ஆற்றோரத் துண்டு ஒன்றை விற்றுவிடலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தாத்தா நினைத்தார். கெட்ட எண்ணம் இல்லை, அவசரம். காகிதத்தை எடுத்துக்கொண்டு டவுனுக்கு நொத்தேரிடம் போனார். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இது பார்த்துக்கொள்வதற்கான காகிதம். விற்பதற்கான காகிதம் இல்லை. தம்பிக்குக் கடிதம் போடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடிதம் கப்பலில் போய்ப் பதில் கப்பலில் வந்தது. "அண்ணா, அதை மட்டும் விற்காதே. ஊருக்குத் திரும்பினால் நான் இருக்க இடம் வேண்டும்." தாத்தா வேறு இடத்தில் கடன் வாங்கிக் கல்யாணத்தை முடித்தார். நொத்தேர் மேல் இருந்த கோபம் மட்டும் அவருக்கு வெகுநாள் தீரவில்லையாம்.

1954இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவை விட்டுக் கிளம்பினார்கள். சின்னத் தாத்தா ஒரு தகரப் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். இருக்க இடம் இருந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை. பின்னால் அந்தத் துண்டை அக்காவின் கல்யாணத்துக்குச் சீராக எழுதிக் கொடுத்தார். இன்று அக்காவின் தென்னந்தோப்பு நிற்பது அதில்தான். அதை விற்கும் அதிகாரம்தான் போன மாதம் ஒரு மூன்றாம் பக்கத்தில் ஏழாவது வரியாக வந்து நின்றது.

அதே 1954இல்தான் அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்கும் உரிமை இருந்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கை மாறியது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி அமலானது. எந்தக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒரே தெருவில் ஒரு வீடு இந்தியர், அடுத்த வீடு பிரெஞ்சுக்காரர் என்று ஆனது அப்போதுதான்.

பிறகு 1963இலும் 1968இலும் வந்த சட்டங்கள் வழியாக இந்தியாவின் மத்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாகப் புதுச்சேரிக்கு வந்தன. ஒப்பந்தச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம், பதிவுச் சட்டம் எல்லாம். நொத்தேர் இருந்த இடத்தில் சார்பதிவாளர் அலுவலகம் வந்தது. வாசலில் பத்திர எழுத்தர் வந்தார்.

இரண்டையும் ஒப்பிட்டு ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என்று சொல்ல வரவில்லை. நொத்தேர் முறையில் எல்லாம் பிரெஞ்சில் இருந்தது. ஏழைக்கு அது எட்டாக் கனி. இன்று பத்திரம் தமிழில் இருக்கிறது, நாமே படிக்கலாம். அது பெரிய விஷயம். ஆனால் ஒன்று மாறியது. சார்பதிவாளர் கேட்பது, "இதை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா?" என்று. எதிரே நிற்பவருக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்று தெரிந்தால் அவர் பதிய மறுக்க வேண்டும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கூட்டத்துக்கு நடுவில், இரண்டு நிமிடத்தில், ஒரு கிழவியின் மறதியை யார் கண்டுபிடிப்பது? "உங்களுக்கு இது புரிந்ததா? இதுதான் உங்கள் விருப்பமா?" என்று உட்கார்ந்து கேட்கிற வேலை யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. அந்த வேலை இப்போது நம் தலையில்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் ஊர் நோட்டரியும் பிரெஞ்சு நொத்தேரும் ஒன்றில்லை. பெயர் ஒரே வேரிலிருந்து வந்தது, அவ்வளவுதான். 1952ஆம் வருடச் சட்டப்படி உள்ள நோட்டரி, கையெழுத்துப் போட்டது இன்னார்தான் என்று உறுதி சொல்பவர். பத்திரத்தை உங்களுக்காகத் தயாரித்து, விளக்கி, அசலைக் காக்கிறவர் இல்லை.

சரி, வக்கீல்? அந்த வார்த்தையின் கதையே சுவையானது. அரபு மொழியில் வக்கீல் என்றால் ஒருவர் சார்பில் நியமிக்கப்பட்டவர், அதாவது பவர் ஏஜெண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தில் நவாபின் வக்கீல் என்றால் நவாப் அனுப்பிய தூதர். கோர்ட்டில் வாதாடுபவர் என்று அர்த்தம் இல்லை. 1793இல் வங்காளத்தில் காரன்வாலிஸ் கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகுதான் அது கோர்ட் உத்தியோகமாக உறுதிப்பட்டது. இன்றும் வழக்குக் கொடுக்கும்போது வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறோமே, அது ஒரு பவர் பத்திரம்தான். சொலிசிட்டர், அட்டர்னி, பிளீடர், முக்தார் என்று வெள்ளைக்காரன் காலத்தில் பல வகை இருந்தது. 1961ஆம் வருட வழக்கறிஞர் சட்டம் அவர்களை ஒரே வகைக்குக் கொண்டுவந்தது. ஆக, வெளிநாட்டில் சொலிசிட்டர் வேண்டுமா என்று கேட்கிற கேள்வி, நம் ஊரில் வக்கீல் வேண்டுமா, பத்திர எழுத்தர் போதுமா என்ற கேள்வி.

சட்டப்படி வக்கீல் கட்டாயம் இல்லை. அக்கா மகன் சொன்னது சரி. இங்கிலாந்திலும் கட்டாயம் இல்லை. ஆனால் அங்கே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 2007இல் அமலுக்கு வந்த அவர்களுடைய நீடித்த பவர் முறையில், சம்பந்தப்படாத ஒருவர் எழுதிக் கொடுப்பவரோடு பேசிப் பார்த்து, இவருக்குப் புரிந்திருக்கிறது, யாரும் இவரை நெருக்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் வக்கீலாகவும் இருக்கலாம், நெடுநாள் பழகியவராகவும் இருக்கலாம். வக்கீல் வேண்டாம் என்று விட்டவர்கள், கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதை விடவில்லை. பிரான்சும் 2007இல் சட்டம் போட்டு, 2009 முதல், பின்னால் புத்தி தடுமாறினால் யார் என் காரியத்தைப் பார்ப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வழி செய்திருக்கிறது. அதை நொத்தேர் இல்லாமலும் எழுதலாம், நொத்தேர் மூலமாகவும் எழுதலாம். நொத்தேர் மூலம் எழுதினால்தான் அதிகாரம் விரிவாக இருக்கும். 1804இல் கோடு போட்ட அதே இடத்தில்தான் இன்றும் கோடு போடுகிறார்கள். பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் வயதாகிறது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள், நானும் அறியாமல்தான் இருந்தேன். நம் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் வருடத்தது. அதன்படி பவர் கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்தது. அதுமட்டுமில்லை, அவருக்குச் சித்த சுவாதீனம் போனாலும் முடிந்தது. சொத்தில் ஏஜெண்டுக்கே பாத்தியதை இருக்கும் சில விசேஷ சந்தர்ப்பங்கள் மட்டும் விலக்கு. அதாவது, அம்மாவுக்கு இன்னும் மோசமானால் உதவும் என்று நினைத்து வாங்குகிற பவர், அம்மாவுக்கு மோசமாகும் அந்த நாளில்தான் செல்லாமல் போகிறது. அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளராக நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கோமாவில் கிடப்பவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க வழிமுறைகளைக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வகுத்துக் கொடுத்ததும் இப்படி ஒரு குடும்பம் போய் நின்றதால்தான்.

பவர் வைத்து விற்கிற பழக்கத்துக்கும் 2011இல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தது. பவர் பத்திரம் கிரயப் பத்திரம் ஆகாது, அதனால் உரிமை மாறாது என்று சொன்னது. ஆனால் விற்க அதிகாரம் உள்ள பவரை வைத்து முறையான கிரயம் செய்து கொடுத்தால் அது செல்லும். அதனால்தான் அந்த ஒரு வரி முக்கியம்.

இதையெல்லாம் அக்கா மகனை உட்கார வைத்துச் சொன்னேன். பாவம், அவன் பேராசைக்காரன் இல்லை. அம்மாவைக் குளிப்பாட்டி விடுகிறவன் அவன்தான். "நான் என்ன வித்துடவா போறேன் மாமா?" என்று கண் கலங்கினான். "நீ விக்க மாட்டடா. உன் தாத்தாவோட அப்பாவும் விக்கிற ஆள் இல்ல. அவசரம்னு ஒண்ணு வரும். அப்ப தடுக்க ஒரு வரி வேணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, வக்கீல பாப்போம்" என்றான்.

டவுனில் ஒரு வக்கீல் அம்மாவிடம் போனோம். அவர் செய்த முதல் காரியம் எங்களை வெளியே அனுப்பியது. "பெரியவங்ககிட்ட தனியா பேசணும்" என்றார். நானும் அக்கா மகனும் தாழ்வாரத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அக்கா பேசுகிற சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நேரம் அவள் தொடர்ந்து பேசி நான் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

கூப்பிட்டபோது வக்கீல் அம்மா குறித்து வைத்ததைப் படித்தார். வீட்டு வரி, கரண்ட், தண்ணீர் மகன் கட்டட்டும். தோப்பைக் குத்தகைக்கு விடட்டும், பணத்தை வாங்கட்டும். அரசு அலுவலகங்களில் மனுக் கொடுக்கட்டும். விற்க, அடமானம் வைக்க, தானம் செய்ய அதிகாரம் இல்லை. கணக்கை வருடம் ஒருமுறை மகளுக்கும் அனுப்ப வேண்டும். கடைசி வரி எங்களில் யாரும் யோசிக்காதது. அக்கா சொன்னதாம்: "பொண்ணு தூரத்துல இருக்கா. அவளுக்கு ஒண்ணும் தெரியலன்னா ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வரும்."

பாலை மறக்கிறாள், பெயரை மறக்கிறாள். பிள்ளைகளுக்குள் எங்கே விரிசல் வரும் என்பது அவளுக்கு மறக்கவில்லை. நாங்கள் யாரும் இதுவரை அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வக்கீல் அம்மா இன்னும் இரண்டு யோசனை சொன்னார். எழுதும் நாளுக்கு முன்பே ஒரு மருத்துவரிடம் அக்காவுக்குப் புரிந்துகொள்ளும் நிலை இருக்கிறது என்று சான்று வாங்கச் சொன்னார். பவர் எப்படியும் ஒரு நாள் செத்துப்போகும், அதனால் உயிலையும் இப்போதே எழுதச் சொன்னார். இரண்டையும் செய்தோம்.

பதிவு நாளன்று அதிகாரி வழக்கப்படி கேட்டார், "பாட்டி, நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" அக்கா நிமிர்ந்து பார்த்து, "ஆமா. விக்கறது தவிர" என்றாள். அதிகாரி சிரித்துவிட்டார். அக்கா மகனும் சிரித்தான்.

பிள்ளைகளே, என் அனுபவத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சட்டம் படித்தவன் இல்லை, அதனால் உங்கள் விஷயத்தை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெனரல் பவர் என்ற அச்சடித்த காகிதத்தை அப்படியே வாங்காதீர்கள். எந்தக் காரியத்துக்கு அதிகாரம், எதற்கு இல்லை என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

பத்திரத்தைப் பவர் வாங்குகிறவர் படித்துக் காட்டக் கூடாது. சம்பந்தப்படாத ஒருவர் படிக்க வேண்டும், அதுவும் எழுதிக் கொடுப்பவர் தனியாக இருக்கும்போது. வக்கீல் கட்டணம் அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான். வரி கட்டுவதற்கு மட்டும் பவர் என்றால் நல்ல பத்திர எழுத்தரே போதும். வீடு, நிலம், வயதானவர், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்று வந்தால் வக்கீலைப் பாருங்கள்.

பெரியவரால் நடக்க முடியவில்லை என்றால் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. உடல்நலம் இல்லாதவர்களுக்குப் பதிவு அதிகாரி வீட்டுக்கே வர சட்டத்தில் இடம் இருக்கிறது. மனுக் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பவர் அனுப்புகிறவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்போ நோட்டரி முன்போ கையெழுத்துப் போட வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, தள்ளிப் போடாதீர்கள். புரிந்து எழுதும் நிலை இருக்கும்போதுதான் எழுத முடியும்.

சைகோனிலிருந்து வந்த அந்தக் காகிதம் இன்னும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்துவிட்டது. அதற்குப் பக்கத்தில் அக்காவின் புதுப் பவரின் நகலையும் வைத்திருக்கிறேன். பாரீஸில் இருக்கும் மகளுக்கு முதல் வருடக் கணக்கை அக்கா மகன் இந்த வாரம் அனுப்பினான். தேங்காய் விலை உட்பட.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப்பாடம் இதுதான்.

அன்புடன்,
உங்கள் பழைய சரித்திர வாத்தியார்,
நோணாங்குப்பம்.